மணியின் தட்டில் பச்சைக்கறி

முதல் நாள் பச்சைக் கோழிக் கழுத்தை முன்னால் வைத்தபோது எங்கள் நாய் மணி அதைச் சாப்பிடவில்லை. முகர்ந்து பார்த்தான், ஒரு தடவை நக்கினான், அப்புறம் வாயில் கவ்விக்கொண்டு நேராக வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்கு, ஓடிவிட்டான். ஐயா காலத்தில் போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆத்தா பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். சரியாக அவர் காலடியில் கொண்டுபோய்ப் போட்டான். அன்றைக்கென்று பார்த்து வெள்ளிக்கிழமை.

"இது வீடாடா, சுடுகாடாடா?" என்று ஆத்தா கேட்டது பக்கத்துப் பங்குக்காரர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

நாங்கள் இருப்பது கண்டனூரில். காரைக்குடியிலிருந்து பத்து கிலோமீட்டர் கூட இருக்காது. பங்கு பிரித்த பெரிய வீட்டில் ஒரு பக்கம் எங்களுடையது. முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கதவு, நிலை, தூண் என்று எதைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் காசு என்று ஆகிவிட்ட காலத்தில் நாய் இல்லாமல் இங்கே இருக்க முடியாது. அப்பச்சி இருந்தபோதும் இரண்டு நாய் இருந்தது. இப்போதும் இரண்டு.

மணி லாப்ரடார். சென்னையில் இருக்கும் தங்கச்சி மகன் 2020 ஊரடங்கில் ஆசையாக வாங்கி, மறுவருஷம் ஆபீஸ் திறந்ததும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். வந்தபோது எடை 41 கிலோ. காதுக்குள் புளித்த தோசைமாவு வாசனை. ராத்திரி முழுக்கச் சொறிவான். கழுத்துப் பட்டையில் இருந்த மணி விடிய விடியக் கிணுகிணுக்கும். சென்னையில் அவனுக்கு வேறு ஏதோ ஸ்டைலான பெயர். இங்கே மணி ஆகிவிட்டான். சிட்டு சிப்பிப்பாறை. விருதுநகர்ப் பக்கமிருந்து குட்டியாக வந்தவள். 19 கிலோ, விலா எலும்பு இலேசாகத் தெரியும் உடம்பு. பார்ப்பவர்கள் எல்லாம் "சோறு போடுறதில்லையா?" என்று கேட்பார்கள். அந்த ஜாதி நாய்க்கு அதுதான் சரியான உடம்பு.

இரண்டும் என்ன சாப்பிட்டன என்றால், நாங்கள் சாப்பிட்டதுதான். மத்தியானம் மிஞ்சிய சோறு, அதன்மேல் மிஞ்சிய குழம்பு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பில் கிடந்த எலும்பு. எங்கள் ஊர்க் குழம்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கை சின்ன வெங்காயம், ஒரு கை பூண்டு, மிளகு, மிளகாய், மேலே மிதக்கும் எண்ணெய். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது என்பதும் எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது. வெந்த எலும்பு காய்ந்து, கடித்தால் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதும் அப்படித்தான். அப்பச்சி காலத்து நாய்கள் எல்லாம் அதைத் தின்றுதானே வாழ்ந்தன என்று ஆத்தா கேட்பார். அந்த நாய்கள் எத்தனை வயதில், எதனால் செத்தன என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

2022 மாசியில், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக மெல்பர்னிலிருந்து மச்சான் வந்திருந்தார். மணியின் காதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இவனுக்குச் சோற்றை நிறுத்து, பச்சைக்கறி போடு" என்றார். அவர் வீட்டு நாய்க்குப் பச்சைக்கறியும் எலும்பும் ஈரலும் அரைத்து, உறையவைத்த கட்டிகளாகக் கடையில் கிடைக்கிறதாம். இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993-ல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்துதான் இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய் அடுப்பு மூட்டுவதில்லை, ஆகவே எலும்போடு பச்சைக்கறிதான் அதன் இயற்கை உணவு என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் மறுநாளே கறிக்கடைக்குப் போய்விட்டேன்.

ஓநாய்க் கதையில் ஓர் ஓட்டை இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் வைத்துப் பார்த்தபோது, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாக இருப்பதைக் கண்டார்கள். மனிதன் வீட்டு வாசலில் கிடந்து அவன் போட்டதைத் தின்று தின்று நாயின் வயிறு மாறியிருக்கிறது. அதனால் ஒரு பிடி சோறு நாய்க்கு விஷம் என்று யாராவது சொன்னால் இப்போது நான் நம்புவதில்லை. அன்றைக்கு நம்பினேன்.

முதல் மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. கறிக்கடை பாயிடம் போய் எலும்பில்லாத தனிக்கறி கேட்டேன். ஆட்டுக்கறி விலையில் அது மூன்று நாளைக்கு மேல் தாங்கவில்லை. "அண்ணே, நாய்க்குத்தானே, இதைக் கொண்டு போங்க" என்று பாய் ஒரு வாளி நிறையக் குடலும் நுரையீரலும் ஈரல் துண்டுகளும் கொடுத்தார். காசே வேண்டாம் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாயும் வாளியைக் காலி செய்தன. அன்று ராத்திரி ஆரம்பித்த பேதி மூன்று நாள் நிற்கவில்லை. மச்சானுக்கு வாட்ஸ்அப் பண்ணினால், உடம்பில் இருக்கும் கழிவு எல்லாம் வெளியேறுகிறது, பயப்படாதே என்றார். கழிவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே நாளில் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றி, அளவுக்கு மீறி ஈரலும் கொழுப்பும் போட்டால் எந்த வயிறும் அப்படித்தான் போகும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். மொத்தச் சாப்பாட்டில் அது இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான் பாதிக்குப் பாதி போட்டிருந்தேன். கொழுப்பு திடீரென்று கூடினால் கணையம் வீங்கி நாய் செத்தே போகலாம். எங்கள் நல்ல நேரம், பேதியோடு போயிற்று.

அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டு ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பச்சைக்கறி போடுபவர்கள் சொல்லும் கணக்கு, நூறு பங்கில் எண்பது கறி, பத்து கடித்துத் தின்னக்கூடிய எலும்பு, பத்து உள்ளுறுப்பு. அந்தப் பத்தில் பாதிதான் ஈரல். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு. சிட்டுவுக்கு அரைக் கிலோ சரியாக வந்தது. மணிக்கு அவன் இருந்த 41 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் இளைக்கவே மாட்டான். இருக்க வேண்டிய 30 கிலோவுக்குக் கணக்குப் போட்டு, அதிலும் குறைந்த அளவாக 600 கிராம். முதல் வாரம் வீட்டில் இருந்த தராசில் நிறுத்துப் போட்டபோது, இத்தனை நாள் கண்ணளவில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எலும்புக் கணக்கை எல்லோரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அதில்தான் ஆபத்து இருக்கிறது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகவும் கொஞ்சம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸ் அளவுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். வெறும் கறியாகப் போட்டால், இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவும். பெரிய நாய்க்கு இது மெதுவாகத் தெரியும். குட்டிக்கு வாரக்கணக்கில் தெரிந்துவிடும். எங்கள் பின்தெருப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து ஆசைப்பட்டு அவனுடைய சிப்பிப்பாறைக் குட்டிக்குத் தினமும் தனிக்கறியும் கோழி நெஞ்சுக்கறியும் மட்டும் போட்டு வளர்த்தான். நாலு மாதக் குட்டி. முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டது. தொட்டால் கத்தியது. எங்கள் கால்நடை டாக்டரம்மா சாப்பாட்டை மாற்றி, ஓடவிடாமல் கட்டிவைக்கச் சொல்லி, இரண்டு மாதத்தில் ஓரளவு தேறியது. கால் முழுக்க நேராகவில்லை. ஓடப் பிறந்த நாய் அது. அதற்கு நானும் ஒரு காரணம் என்ற உறுத்தல் எனக்கு இன்றும் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும், குட்டிக்கு மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம், ஒரு வயது வரைக்கும் குட்டிகளுக்கென்றே தயாராகும் உலர் தீவனம் போடு என்றுதான் சொல்கிறேன். பயந்துபோய்க் கால்சியம் மாத்திரையை அள்ளிப் போடுவதும் தப்பு. பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

எலும்பு சாப்பிடாத நாளுக்கு முட்டை ஓடு இருக்கிறது. கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்தால் அரைக் கிலோ தனிக்கறிக்கு அரை டீஸ்பூன் போதும். ஆத்தா அம்மியில்தான் அரைப்பேன் என்று அடம் பிடித்தார். நாய்க்கு அரைத்த அம்மியில் அப்புறம் மசாலா அரைப்பாரா என்று கேட்டேன். மிக்சியே போதும் என்று ஆகிவிட்டது.

மூன்று மாதம் இப்படி அளந்து போட்டபின் நல்ல மாற்றம் தெரிந்தது, மறைக்கவில்லை. மலம் பாதியாகக் குறைந்து, கெட்டியாகி, நாற்றம் போயிற்று. மணி 41-லிருந்து 36-க்கு வந்தான். அரிசி மண்டி எடைமேடையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம், மண்டிக்காரருக்கு அது ஒரு வேடிக்கை. முன்னால் படி ஏறவே யோசிப்பவன் சிட்டுவின் பின்னால் தோட்டம் சுற்ற ஆரம்பித்தான். முடி பளபளத்தது. பல்லில் மஞ்சள் படிந்திருந்தது குறைந்தது. காதும் ஆறியது.

காது ஆறியதைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பச்சைக்கறி போட்டேன், காது சரியாகிவிட்டது, அவ்வளவுதான் என்று. டாக்டரம்மா ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "சார், நான் குடுத்த சொட்டு மருந்த நாலு வாரம் விட்டீங்களே, அது எந்தக் கணக்குல? உண்ணிக்கு மாத்திரை குடுத்தோமே, அது?" லாப்ரடாரின் தொங்கு காதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கும், பூஞ்சை வளரும். அதற்கு மருந்து போட்டோம். உண்ணியை ஒழித்தோம். குழம்புச் சோற்றை நிறுத்தினோம். எடையைக் குறைத்தோம். பச்சைக்கறியும் போட்டோம். இத்தனையையும் ஒரே சமயத்தில் செய்துவிட்டு, எது குணப்படுத்தியது என்று எப்படிச் சொல்வது? நாய்களுக்கு ஒவ்வாமை உண்டாக்கும் உணவுகளில் மாட்டுக்கறி, பால், கோழி, கோதுமை எல்லாம் முன்வரிசையில் நிற்கின்றன. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதைப் பச்சையாகப் போட்டாலும் ஒத்துக்கொள்ளாது.

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் மாதிரி ஒன்று அந்த வருஷக் கார்த்திகையில் தானாக வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரைக்கும் 21 நாள் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது. சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்றைக்கு விளக்கு மாவோடு இழையை, அதாவது மாவில் ஏற்றிய நூல் திரியை, எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். நாய்க்கு விரதம் இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். "உன் பிரிட்ஜுக்கு உண்டு" என்றார் ஆத்தா. வேறு வழியில்லாமல் அந்த 21 நாளும் கடையில் வாங்கிய சாதாரண உலர் தீவனம், அளந்து போட்டேன். முடி கொட்டும், காது நாறும் என்று தினமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மலம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். எடைகூடக் கூடவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்பதுதான் உண்மை. குழம்பும் எலும்பும் நின்றதும், அளவு வந்ததும்தான் பெரும்பாதி வேலையைச் செய்திருக்கின்றன என்று அன்றைக்குப் புரிந்தது.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். மணி அவசரக்காரன். ஒரு முறை முழுக் கழுத்தை அப்படியே விழுங்கித் தொண்டையில் சிக்கி, கண் பிதுங்கி நின்றான். வாய்க்குள் கைவிட்டு இழுத்ததில் என் விரல் கிழிந்தது. அன்றிலிருந்து ஒரு முனையை நான் கையில் பிடித்துக்கொள்வேன், அவன் மறுமுனையைக் கடித்துத் தின்ன வேண்டும். அவன் வாயைவிடச் சின்னதாக எதையும் முழுசாகத் தருவதில்லை. ஆட்டுக்கால் எலும்பு மாதிரி கெட்டியானதும் தருவதில்லை; பல் தெறித்துவிடும். கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்புதான், அதனால் அது ஒன்றே சாப்பாடாக ஆகாது. ஒரு வாரம் ஆசைக்குக் கழுத்தாகவே போட்டேன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக, முக்கி முக்கிப் போனான். மலம் வெளுத்தால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தம். அதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது.

வெயில் அடுத்தது. மெல்பர்ன் குளிரில் எழுதிய விதிகள் சிவகங்கை மாவட்டத்துச் சித்திரைக்கு ஒத்துவராது. பச்சைக்கறியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பார்கள். இங்கே வருஷத்தில் பெரும்பாலும் 32-க்கு மேல்தான். மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிரிட்ஜ் செத்துக் கிடக்கும். உருகிய கறியைத் திரும்ப உறையவைத்துப் போட்டதில் சிட்டுவுக்குக் காய்ச்சலோடு இரத்தப்பேதி வந்தது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். சாகாது, தூங்கும். கறி உருகியதும் எழுந்துகொள்ளும்.

இதையெல்லாம்விட என்னை நிஜமாக உலுக்கியது வேறு.

2022 ஆடியில் சிட்டுவின் வாலடியில் அரிசி மாதிரி வெள்ளையாக இரண்டு மூன்று ஒட்டியிருந்தன. காய்ந்த வெள்ளரி விதை மாதிரி. படம் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "இது நாடாப்புழுத் துண்டு. இந்த வகை தெள்ளுப்பூச்சியால வர்றது, மாத்திரைல போயிரும். இது கண்ணுக்குத் தெரியுது, அதனால எனக்குப் பயம் இல்ல. ஆட்டு நுரையீரலும் ஈரலும் பச்சையாப் போடுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுல தண்ணி நிறைஞ்ச வெள்ளைக் கட்டி பாத்திருக்கீங்களா? பட்டாணி அளவு, எலுமிச்சை அளவு?" பார்த்திருந்தேன். கொழுப்பு என்று நினைத்து வெட்டி அதையும் சேர்த்துப் போட்டிருந்தேன்.

அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அந்த நீர்க்கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் அதைத் தின்றால் நாயின் குடலில் அது புழுவாகும். அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், மலத்தில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு ஒன்றும் செய்யாது, நாய் நன்றாக ஓடித் திரியும். அதன் முட்டை மலத்தில் வெளியே வந்து புல்லில் கிடக்கும், நாயின் முடியில் ஒட்டியிருக்கும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குப் போகும், ஆட்டின் ஈரலில் கட்டியாகும். நாயைத் தடவிய கையோடு மனிதன் சோறு தின்றால் மனிதனுக்கும் போகும், மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். தேங்காய் அளவு ஆனபிறகு அறுத்து எடுத்தவர்களும் உண்டு. உடைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. "உங்க வீட்டுல கையால நாய்க்குச் சோறு பிசைஞ்சு போடுறது யாரு?" என்று கேட்டார். ஆத்தாதான். அப்போது வயது 76, சர்க்கரை வேறு.

இரண்டு நாய்க்கும் பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுத்தோம். எனக்கும் ஆத்தாவுக்கும் காரைக்குடியில் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். எதற்கு என்று ஆத்தாவிடம் சொல்லவில்லை, சர்க்கரைக்காக என்று சொன்னேன். ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் சாப்பிடவில்லை.

அன்றோடு ஆட்டு உள்ளுறுப்பைப் பச்சையாகப் போடுவதை நிறுத்தினேன். குக்கரில் வைத்தால் அந்தக் கட்டிக்குள் இருப்பது செத்துவிடும். மூன்று விசிலில் தீருகிற விஷயத்துக்கு இத்தனை மாதம் ஆபத்தோடு விளையாடியிருக்கிறேன். கட்டி கண்ணில் பட்டால் அந்தத் துண்டு மொத்தமும் குழிக்குள் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புழு மாத்திரை, காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-லேயே, சமைக்காத கறியை நாய்க்கும் பூனைக்கும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரி கிருமிகள் நாயை ஒன்றும் செய்யாவிட்டாலும், அதன் மலத்திலும் எச்சிலிலும் வந்து வீட்டில் இருப்பவர்களைப் படுக்கவைக்கும் என்பதுதான் முக்கியமான காரணம். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய் மருந்தில் இருப்பவர் உள்ள வீட்டில் பச்சைக்கறி வேண்டவே வேண்டாம் என்பது இப்போது என் கட்சியும். தங்கச்சி மகள் பிரசவத்துக்கு இங்கே வந்திருந்த ஐந்து மாதமும் இரண்டு நாய்க்கும் எல்லாமே வேகவைத்ததுதான். அப்போதும் அவை நன்றாகத்தான் இருந்தன. வேகவைக்கும்போது எலும்பைப் பிரித்து எடுத்துவிட்டு, முட்டை ஓட்டு மாவு சேர்ப்பேன்.

அப்புறம் ஏன், ஆத்தா இருக்கிற வீட்டில், இன்னும் முழுசாக விடவில்லை என்று டாக்டரம்மா கேட்பார். அந்தக் கழுத்தை நறநறவென்று கடிக்கும்போது மணியின் முகத்தைப் பார்த்தால் விட மனம் வருவதில்லை என்பதைத் தவிர எனக்கு நல்ல பதில் இல்லை. பல்லுக்கு நல்லது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் கடைவாய்ப் பல்லில் காரை படிந்திருப்பதைக் காட்டினார், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். அந்த வாதமும் போயிற்று.

இப்போது நடப்பது இது. வாரத்தில் மூன்று நாள் காலையில், கண் முன்னால் வெட்டிய கோழியின் கழுத்து. மணிக்கு 150 கிராம், சிட்டுவுக்கு 120. கடையிலிருந்து ஸ்கூட்டரில் பதினைந்து நிமிஷம், வந்ததும் போட்டுவிடுவேன். கழுவுவதில்லை, கழுவினால் தண்ணீர் தெறித்துக் கிருமி அடுப்படி முழுக்கப் பரவுவதுதான் மிச்சம். பிரிட்ஜில் பச்சைக்கறியே வைப்பதில்லை, அதனால் ஆத்தாவுக்கும் எனக்கும் இருந்த பெரிய சண்டை ஓய்ந்துவிட்டது. இடம் பின்கட்டுக்கு வெளியே கிணற்றடிக் கருங்கல் மட்டும்தான். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்தது, எண்ணெயோ இரத்தமோ உறிஞ்சிவிட்டால் போகாது; முதல் நாள் விழுந்த கறை தூணடியில் இன்னும் மங்கலாக இருக்கிறது. தின்று முடித்ததும் கல்லில் வெந்நீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்துவிட்டு, என் கையையும் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை. தின்ற வாயோடு அரை மணி நேரத்துக்கு யாரையும் நக்க அனுமதி இல்லை.

சாயங்காலம் வேகவைத்தது. கோழிக்கறியோ ஆட்டுத் தலைக்கறியோ, ஈரல் ஒரு சின்னத் துண்டு, பரங்கிக்காய், கேரட், ஒரு கை முருங்கைக்கீரை, ஒரு பிடி சோறு. உப்பில்லை, மசாலா இல்லை, வெங்காயம் இல்லை. தொண்டியிலிருந்து மத்தி வந்தால் வாரத்தில் இரண்டு நாள் அது. குக்கரில் கூடுதலாக நாலு விசில் விட்டால் முள் கையில் மாவாக நசுங்கும். மீனைப் பச்சையாகப் போடுவதில்லை. சில மீன்களில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், வெந்தால் அந்த நொதி போய்விடும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ மாதிரி சிலது வீட்டுச் சமையலில் எப்படிச் செய்தாலும் குறையும் என்று டாக்டரம்மா ஒரு சத்துப் பொடி எழுதிக் கொடுத்திருக்கிறார். மச்சான் அதைக் கேட்டு, "இயற்கை உணவுக்கு எதுக்குப் பொடி?" என்று சிரித்தார். அவர் வாங்கும் கறிக்கட்டியின் உறையைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். அதிலும் சேர்த்துத்தான் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. மணி இப்போது 31 கிலோ. செலவு, உலர் தீவனம் போட்டால் ஆவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. நேரம் தினமும் முக்கால் மணி. இரண்டும் இல்லாதவர்கள் நல்ல உலர் தீவனத்தை அளந்து போட்டாலே போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பாயிடமும் அந்த நீர்க்கட்டிச் சமாச்சாரத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "எங்க வாப்பா காலத்துலேர்ந்து இதைத்தானே தெரு நாய்க்குத் தூக்கிப் போடுறோம்" என்றார். அதனால்தான் ஆட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்று டாக்டரம்மா போட்டுக் கொடுத்த அதே படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது கட்டி விழுந்த ஈரல், நுரையீரல் எல்லாம் மூடி போட்ட தனி வாளிக்குப் போகிறது, சாயங்காலம் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறார். கடை வாசலில் படுத்திருக்கும் நாலைந்து நாய்களுக்கு யார் செய்த வேலை என்று எப்படித் தெரிந்ததோ, என் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினாலே எழுந்து நின்று குலைக்கின்றன.